தொடுகைப் பாடம்

என் மகள் கடலுக்கு அந்தப் பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் நான் ஊரார் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சண்டை முடிந்து, சனம் முகாம்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊர் திரும்பிய காலம். அடம்பனுக்கு அப்பால், கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் பாயும் ஒரு வயற்கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு இடமாற்றம் வந்தது. வீடு கீரியில். விடிய எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, மன்னார்ப் பாலம் தாண்டிப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்து அடம்பனில் இறங்குவேன். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் மிதிப்பேன். பள்ளிக்கூடத்துப் பழைய கட்டடத்துக்குக் கூரை இருக்கவில்லை. அதன் பக்கத்தில் தகரம் போட்ட நீளக் கொட்டகை ஒன்று. அதில் மூன்றாம் வகுப்பு என்னுடையது.

மகளைப் பிரிந்த கதை பெரிய கதை அல்ல. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் நடந்ததுதான். அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது நாட்டு நிலைமை மோசமாகி, என் அக்கா குடும்பத்தோடு வள்ளமேறி இராமேஸ்வரத்துக்குப் போனாள். மகளையும் அவளோடு அனுப்பினோம். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்ததால் நானும் கணவரும் நின்றுவிட்டோம். ஆறு மாதத்தில் நாங்களும் வருவோம் என்று அவளுக்குச் சொன்னேன். மாமனாரை அடக்கம் செய்து முடித்தபோது கடலால் போகிற வழி அடைபட்டுவிட்டது. சண்டை முடிந்த பிறகு கூப்பிட நினைத்தால், இந்த வகுப்பு முடியட்டும், அடுத்த வகுப்பு முடியட்டும் என்று ஆண்டுகள் போயின. போனில் அவளுடைய பேச்சு மாறிக்கொண்டு வந்தது. "என்ன அம்மா செய்யிறீங்கள்?" என்று கேட்ட பிள்ளை "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்கத் தொடங்கினாள். நான் எங்கள் பேச்சிலேயே பதில் சொல்வேன். சில சொற்களை அவள் இரண்டாம் முறை கேட்பாள்.

அந்த வருடம் ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களை மன்னார் டவுனுக்குக் கூப்பிட்டு ஒரு பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகளுக்குக் கை கழுவவும் பல் துலக்கவும் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது என்றார்கள். பயத்தையும் கோபத்தையும் கவலையையும் வாய்விட்டுச் சொல்ல அவர்கள் பழக வேண்டும். தன் உடம்பு தன்னுடையது என்று தெரிய வேண்டும். எந்தத் தொடுகை சரி, எது பிழை, பிழையானால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதெல்லாம் பாடமாக வர வேண்டும். முகாமில் ஒரு கூடாரத்துக்குள் மூன்று நான்கு குடும்பங்கள் படுத்தெழும்பிய சனத்தின் பிள்ளைகள் அவர்கள். இந்தப் பாடம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எந்த வாயால் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. எங்கள் அதிபர் சாந்தமான மனிதர். நான் கொண்டுபோன சுவர்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "படிப்பியுங்கோ ரீச்சர். ஆனா தாய் தேப்பன் வந்து கேட்டா நீங்கள்தான் பதில் சொல்லோணும்," என்றார்.

படங்களில் இருந்த பிள்ளைகளின் கன்னங்கள் சிவப்பாக இருந்தன. அவற்றை விட்டுவிட்டுக் கரும்பலகையில் நானே ஒரு பிள்ளையை வரைந்தேன்.

"இது ஆரின்ர உடம்பு?"

"அந்தப் பிள்ளையின்ர."

"அப்ப, வேற ஆரும் தொடக்கூடாத இடத்தைத் தொட வந்தா அந்தப் பிள்ளை என்ன செய்யோணும்?"

நான் இன்னும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் வகுப்பு முழுவதும் ஒரே குரலில், ராகம் போட்டுச் சொன்னது. "தொடக்கூடாது. கிட்டப் போகக்கூடாது. வந்த வழியால திரும்பிப் போய்ப் பெரிய ஆக்களிட்டச் சொல்லோணும்."

ஒரு கணம் திகைத்துப் போய் நின்றேன். பிறகுதான் விளங்கியது. அது மிதிவெடிப் பாடம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முழுவதும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. வெடி அகற்ற வந்தவர்கள் ஊர் ஊராகப் போய், நாடகம் போட்டு, பாட்டுச் சொல்லி, பிள்ளைகளின் மனதில் அந்த மூன்று வரியையும் பதித்திருந்தார்கள். முன் வாங்கில் இருந்த ஒரு பையன் கை உயர்த்தினான்.

"அப்ப எங்கட உடம்பும் மிதிவெடி மாதிரியோ ரீச்சர்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பதில் சொல்ல வாயெடுக்க, சாப்பாட்டு மணி அடித்தது. அந்த ஊரில் அந்த மணிக்கு முன்னால் எந்த ஆசிரியரும் நிற்க முடியாது. பிள்ளைகள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு பருப்பு வேகும் பக்கத்துக்கு ஓடிவிட்டார்கள்.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய பெற்றோரின் குடும்பங்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து முன்னொரு கலவரத்தில் அடிபட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறியவை. பிறகு இந்தப் பக்கத்துச் சண்டையிலும் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தவர்கள். ஊருக்கு வந்து சில மாதங்களிலேயே தாய் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய்விட்டாள். தகப்பன் வயல்களில் கூலி வேலை. வீட்டில் அவரும் மகளும் மட்டும். அவள் தலைமுடி நீளமாக, அடர்த்தியாக இருக்கும். ஆனால் எந்த நாளும் ஒரு பக்கம் அவிழ்ந்தபடிதான் வருவாள்.

பாடம் நடந்த அடுத்த கிழமை, காலையில் நான் சைக்கிளை நிறுத்தும்போதே தகப்பன் வந்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த சாறத்தை இறக்கிவிட்டார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கோ. உள்ளுக்கு வந்து இருங்கோ."

அவர் உள்ளே வரவில்லை. "கொஞ்ச நாளா புள்ள குளிக்க மாட்டேங்குது. வாய்க்காலுக்குக் கூட்டிப் போனா, என்னையத் தொடாதீங்கப்பான்னு கத்துது. அங்க குளிக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க. நான் தலையில தண்ணிதாங்க ஊத்துனேன்."

வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவ அம்மா போனதுலருந்து நான்தான் குளிப்பாட்டுறேன். நான் என்ன தப்புப் பண்ணேன்னு புள்ளகிட்டயே கேட்டேன். சொல்ல மாட்டேங்குது. அழுவுது."

பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது நினைவிருந்தது. பிள்ளை ஒருவரைக் கண்டு பயந்தால் முதலில் பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொன்னேன்.

"நான் முதல்ல பிள்ளையோட தனியக் கதைக்கிறன். பிறகு உங்களோட கதைக்கிறன். குறை நினையாதேங்கோ."

"கேளுங்க டீச்சர். புள்ளையவே கேளுங்க," என்றார் உடனே. வேலைக்குப் போகாமல் வாசலிலேயே குந்திக்கொண்டார்.

சிறுமியைக் கூட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பாலை மரத்தடிக்குப் போனேன். அவள் தரையில் இருந்த இலைகளைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அப்பா குளிப்பாட்டேக்க உனக்கு என்ன மாதிரி இருந்தது?"

"பயமா இருந்தது."

"ஏன் குஞ்சு?"

"தொட்டா வெடிச்சிடும்."

"என்ன வெடிக்கும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு இது கூடத் தெரியாதா என்பது போல.

"அப்பாவின்ர கை."

அந்த ஊரில் ஒருவர், வயலில் கிடந்த ஏதோ ஒன்றை மண்வெட்டியால் புரட்டப் போய்க் கையை இழந்திருந்தார். கடைக்குப் போகிற பிள்ளைகள் அவரைத் தினமும் காண்பார்கள். தன் உடம்பில் தொட்டால் தகப்பனுக்கும் அப்படி ஆகிவிடும் என்று இவள் கத்தியிருக்கிறாள். தனக்காக அவள் பயப்படவில்லை.

கையை நீட்டினேன். அவள் யோசித்துவிட்டுத் தன் கையை என் கைமேல் வைத்தாள்.

"வெடிச்சதோ?"

"இல்லை."

"வெடிக்காது. உன்ர உடம்பு நல்ல உடம்பு. அதுக்குள்ள ஒண்டும் இல்லை."

அன்று கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு இந்தப் பாடத்தைத் திருப்பித் தொடங்கினேன். அப்போதுதான், சில நாட்களாகப் பிள்ளைகள் வரிசையில் கை கோக்காமல் விலகி நின்றது என் ஞாபகத்துக்கு வந்தது. மிதிவெடியை யாரோ புதைத்தார்கள், உடம்பை யாரும் புதைக்கவில்லை என்றேன். விருப்பமான தொடுகைக்கு ஓம் சொல்லலாம், விருப்பமில்லாததற்கு வேண்டாம் சொல்லலாம், இரண்டையும் சொல்கிற உரிமை உங்களுடையது என்றேன். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுக் கை குலுக்கச் சொன்னேன். "தரட்டோ?" "தா." "எனக்கு வேண்டாம், உன்ர கையில சளி." கொட்டகை கலகலத்துப் போயிற்று. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியாக, கடதாசியில் ஒரு கையை வைத்து வரைந்து, கஷ்டம் வந்தால் போய்ச் சொல்லக்கூடிய ஐந்து பேரை விரலுக்கு ஒருவராக எழுதச் சொன்னேன். அந்தச் சிறுமி ஐந்து விரலிலும் அம்மா என்று எழுதியிருந்தாள்.

"கிட்ட இருக்கிற ஆக்களை எழுதோணும் குஞ்சு."

"அம்மா போனில கிட்டத்தான் கேப்பா."

அவள் பென்சிலைக் கடித்தபடி கேட்டாள். "ரீச்சர், அம்மாவுக்கு என்ர முகம் ஞாபகம் இருக்குமோ?"

"இருக்கும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் ஒரு மகள் தூரத்தில இருக்கிறா."

"அவவின்ர முகம் உங்களுக்கு ஞாபகமோ?"

"ஓம்," என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. சின்ன விரலில் இருந்த அம்மாவை அழித்துவிட்டு அப்பா என்று எழுதினாள். எனக்கு ஞாபகம் இருந்தது ஏழு வயது முகம். அக்கா அனுப்பும் படங்களில் இருந்த முகத்தை நான் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

வாசலில் இருந்த தகப்பனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு துவாயால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப, இனிக் குளிப்பாட்டலாங்களா?"

"தானாக் குளிக்கப் பழக்குங்கோ. வளந்திட்டா தானே. நீங்கள் தண்ணி அள்ளிக் குடுங்கோ, அவ ஊத்தட்டும்."

தலையாட்டினார். போக எழும்பியவர் திரும்பவும் நின்றார். "டீச்சர், இன்னும் கொஞ்ச வருசத்துல புள்ள பெரிய மனுசி ஆயிரும். அதுக்குள்ள அவ அம்மா வராட்டி நான் என்னங்க பண்ணுவேன்? நம்ம பக்கத்துப் பொம்பளங்க யாரும் இங்க இல்ல."

ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டது அந்தக் கேள்வியால்தான். பெண் பிள்ளைகளின் தாய்மாரை நினைத்துக் கூப்பிட்டோம். வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆண்கள். சிலருடைய மனைவி வெளிநாட்டில். சிலருடைய மனைவி உயிரோடு இல்லை. பிள்ளைகளின் சின்ன வாங்குகளில் முழங்கால் நெஞ்சைத் தொட அவர்கள் அடைந்து இருந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தாய் பிள்ளைகளின் சுகாதாரம் பார்க்கும் அந்தப் பகுதிக் குடும்பநல மாதை உதவிக்குக் கூப்பிட்டிருந்தேன். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். எந்த வயதில் வரும், ஏன் வரும், எவ்வளவு நாள் இருக்கும், பிள்ளை பயந்து அழுதால் என்ன சொல்ல வேண்டும். ஆண்கள் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

"வலிக்குமாங்க?" என்று கேட்டது அந்தத் தகப்பன்தான்.

"சிலருக்கு வலிக்கும். போத்தலில சுடுதண்ணி விட்டுத் துணி சுத்தி வயித்தில வைச்சா சுகமா இருக்கும்," என்றார் மாது.

அவர் அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பின் வாங்கிலிருந்து ஒருவர், கடையில் போய் அந்தச் சாமானை என்ன சொல்லிக் கேட்பது என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. மாது பெயரைச் சொன்னார். அதையும் இரண்டு மூன்று பேர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள்.

எல்லாம் முடிய, தலை பின்னவும் காட்டித் தருமாறு ஒருவர் கேட்டார். கூட வந்திருந்த பெண் பிள்ளைகள் தகப்பன்மாரின் முன்னால் வரிசையாக இருந்தார்கள். நான் அந்தச் சிறுமியின் முடியை மூன்றாகப் பிரித்துக் காட்டினேன். அவளுடைய தகப்பனின் விரல்கள் மண்வெட்டி பிடித்து வெடித்தவை. முடி அவற்றில் மாட்டி இழுத்தது. அவள் முகத்தைச் சுளித்தாலும் அசையாமல் இருந்தாள். முடிவில் வந்த பின்னல் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவள் அதை முன்னால் எடுத்துப் போட்டு, தடவிப் பார்த்து, "அப்பா பின்னினது," என்று மாதிடம் போய்க் காட்டினாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. அவளுடைய குரலிலேயே செய்தி இருந்தது.

"மகள் பெரியபிள்ளையாகிட்டாளடி."

போனை அவளிடம் கொடுத்தாள்.

"அம்மா."

"என்ன குஞ்சு, வயிறு நோகுதோ?"

"கொஞ்சம். பெரியம்மா எல்லாம் சொல்லிட்டாங்கம்மா. ஸ்கூல்லயும் ஏற்கனவே சொல்லிக் குடுத்திருக்காங்க."

"போத்தலில சுடுதண்ணி விட்டு..."

"வெச்சிருக்கேம்மா. பெரியம்மா வெச்சுக் குடுத்தாங்க."

ஊர் முழுதுக்கும் நான் சொல்லிக் கொடுத்த எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. அந்தத் தகப்பன்மாருக்கு முன்னால் நின்று மணிக்கணக்காகப் பேசிய எனக்கு, என் சொந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை மிச்சமில்லை. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். இட்லி என்றாள். அங்கே பெண்கள் கூடி அவளுக்குத் தண்ணீர் வார்க்கிற சத்தம் இருக்கும், மஞ்சள் மணம் இருக்கும் என்று நினைத்தேன். அவள் தலையைத் துவட்டுகிற கைகளில் ஒன்றாக என் கை இருக்கவில்லை. மீன்பிடிக்கப் போயிருந்த கணவர் கடலால் வந்ததும் சொன்னேன். அவர் சாப்பிடாமல் திரும்பக் கரைக்குப் போய் வள்ளத்தின் நிழலில் நெடுநேரம் இருந்தார். நான் மீனைக் கழுவிச் சமைத்து முடித்தேன். அன்று யாரும் அதைச் சரியாகத் தின்னவில்லை.

அதற்குப் பிறகு போனில் பள்ளிக்கூடத்துக் கதைகளையே நான் அவளுக்குக் கூடுதலாகச் சொன்னேன். மிதிவெடி என்று கேட்ட பையனை, தலை பின்னப் பழகிய தகப்பனை, எல்லாவற்றையும் விட அந்தச் சிறுமியை. அவள் "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அடுத்த வருடம் சிறுமியின் தாய் ஒப்பந்தம் முடிந்து வந்தாள். வந்த அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். மெலிந்த பெண். கையில் ஒரு பை நிறைய இனிப்பு. சிறுமி எனக்குப் பின்னால் ஒதுங்கி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்னப் பிடியில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதே நேரம் எதிரில் நின்ற பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ராவு முழுக்க அப்பா பக்கத்துலயே படுத்திருச்சுங்க டீச்சர். கிட்டப் போனா எந்திரிச்சுப் போயிருது," என்றாள். "வேல செஞ்ச வூட்டுப் புள்ளைகளக் குளிப்பாட்டுறப்பல்லாம் இவ ஞாபகந்தாங்க எனக்கு. இவள நெனச்சுத்தான் அதுகளத் தொட்டேன்."

அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன்.

"கூப்பிடாதேங்கோ. இழுக்காதேங்கோ. அவவின்ர கண்ணில படுகிற மாதிரி இருங்கோ. தானா வருவா."

"எத்தன நாளாகுங்க?"

"தெரியாது," என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அந்தப் பதிலுக்காக நானே காத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டைப் பெற்றோர் முறை வைத்துத்தான் சமைப்பார்கள். அவள் முறை பார்க்காமல் தினமும் வந்து சமையலில் சேர்ந்தாள். பானைக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்பாள். சிறுமி கோப்பையோடு வந்து, தாயைத் தாண்டி, மற்றப் பெண் நிற்கும் பானைக்குப் போவாள். தாய் அடுத்த பிள்ளைக்குப் போடுவாள். இப்படியே கிழமைகள் போயின. ஒரு நாள் பார்க்கிறேன், சிறுமி தாயின் பானை வரிசையில் நிற்கிறாள். தாய் அவசரமாகப் போட்டதில் சோறு கோப்பைக்கு வெளியே சிந்தியது. "குழம்பு காணாது," என்றாள் சிறுமி. தாய் இன்னும் ஓர் அகப்பை விட்டாள். மழைக்காலம் தொடங்கியபோது இரண்டு பேரும் ஒரே குடையில் வாய்க்கால் கரையால் வீட்டுக்குப் போவதைக் கண்டேன். தகப்பனும் அந்தப் போகம் ஒரு காணியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தாய் திரும்ப வெளிநாடு போகவில்லை.

அந்த டிசம்பர் விடுமுறையில் பாஸ்போட்டும் விசாவும் கைக்கு வர, நான் இந்தியாவுக்குப் போனேன். அக்கா இருந்த அகதி முகாமுக்குப் போகும் பஸ் நிறுத்தத்தில் அவளும் என்னைவிட உயரமான ஒரு பெண் பிள்ளையும் நின்றார்கள். "வாங்கம்மா," என்று சொல்லி மகள் பையை வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வழி நெடுக அக்காதான் பேசிக்கொண்டு வந்தாள்.

இரவில் மகள் பெரியம்மாவின் பக்கத்தில் படுத்தாள். அங்கேதான் அவளுடைய தலையணை இருந்தது. நான் கூப்பிடவில்லை. பகலில் காய் வெட்டினேன், தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்று குடம் நிரப்பினேன், அவள் படிக்கும் இடத்துக்குக் கிட்ட இருந்து அரிசி புடைத்தேன். ஒரு மத்தியானம் அக்கா வெளியே போயிருந்தாள். மகள் கொப்பியிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படிம்மா இருக்கா?"

"எந்தப் பிள்ளை?"

"அதான், உங்க ஸ்கூல் பொண்ணு. அவங்க அம்மா வந்துட்டாங்கன்னீங்களே."

"தாயோட சேந்திட்டா."

அவள் இரண்டு வரி எழுதினாள். "எப்பப் பேசினாலும் அவளைப் பத்தித்தான் சொல்வீங்க. ஒரு நாள் போனை வெச்சிட்டு அழுதிருக்கேன்."

சுளகைக் கீழே வைத்தேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"என்னன்னு சொல்றது? அவளைத்தான் பிடிச்சிருக்கு போலன்னு நெனச்சேன்."

பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், மனதில் உள்ளதை உள்ளபடி சொல்லப் பழகுங்கள் என்று. அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது.

"உன்னோட என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை குஞ்சு. நீ ஏழு வயசில போனனி. உனக்கு அப்ப என்ன விருப்பம் எண்டு தெரியும். இப்ப ஒண்டும் தெரியாது. அதுதான் அந்தப் பிள்ளையின்ர கதையைச் சொன்னனான். என்னட்ட வேற கதை இருக்கேல்லை."

அவள் பேனாவை மூடினாள். என் பக்கம் திரும்பி, சம்மணம் கொட்டி இருந்துகொண்டாள்.

"சரி, கேளுங்க. சொல்றேன்."

நான் கேட்டேன். அவளுக்கு மீன் பிடிக்காதாம். மீன் பிடிக்கிறவரின் மகள், நாற்றம் வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். கணக்கு வராது, உயிரியல் வரும். தாதியாக வேண்டுமாம். முகாமில் ஒரு சிநேகிதியோடு கோபம், ஏன் என்று இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. கீரி வீட்டில் அவளுக்கு ஞாபகம் இருப்பது, மழை பெய்யும்போது கிடுகுக் கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே நான் ஒரு சட்டி வைப்பது, அதில் தண்ணீர் விழும் சத்தம். அந்தச் சட்டியை நான் மறந்தே போயிருந்தேன். அக்கா வந்து கதவைத் தட்டும்போது அரிசி அப்படியே கிடந்தது. அன்று இராச் சாப்பாடு பிந்தியது.

போகிற நாள் கிட்ட வர, என்னோடு வருகிறாயா என்று ஒருமுறை கேட்டேன். "ப்ளஸ் டூ முடிக்கணும்மா," என்றாள். "அப்புறம் பெரியம்மாவை விட்டுட்டு..." அந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

பஸ்ஸில் என் பையை ஏற்றி வைக்க அவளும் ஏறினாள். கண்டக்டர் விசில் அடித்தார். அவள் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி என் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய தோள் என் தோளில் முட்டிக்கொண்டு இருந்தது. அடுத்த நிறுத்தம் வந்தபோதும் இறங்கவில்லை, அதற்கடுத்ததில்தான் இறங்கினாள். வெயிலில் அவ்வளவு தூரமும் திரும்ப நடக்கப் போகிறாளே என்று நினைத்துக்கொண்டே நான் போனேன்.

அவள் அங்கேயே படித்து, இப்போது அங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். வேலை கிடைத்த பிறகு ஒருமுறை கீரிக்கு வந்தாள். தகப்பனோடு கரைக்குப் போனாள், அயலட்டையில் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தாள், பின்னேரங்களில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு போனில் யாருடனோ சிரித்துப் பேசினாள். மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தினாள். லீவு முடிய வெளிக்கிட்டுப் போனாள். அவள் படுத்த பாய் உள்ளறையில் விரித்தபடி கிடந்தது. கணவர் அதைச் சுற்றி நடந்து போனார். நானும் சுற்றித்தான் நடந்தேன். சுருட்டி வைக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.